காரும் கல்லூரியும்: 1927ல் நடந்த ஒரு தகராறு

அமெரிக்காவில் கல்லூரிக்குக் கிளம்பும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் கோடை விடுமுறை முடியும் சமயத்தில் ஒரு விவாதம் நடக்கும். கார் எடுத்துக்கொண்டு போவதா, வேண்டாமா? பையன் கண்டிப்பாக வேண்டும் என்பான். அப்பா இன்சூரன்ஸ், பெட்ரோல், பார்க்கிங் என்று கணக்குப் போடுவார். அம்மாவுக்கு ராத்திரி நேரத்து நெடுஞ்சாலை கண் முன்னால் வந்து போகும். இரண்டு நாள் முறைப்பு, ஒரு நாள் பேச்சுவார்த்தை, கடைசியில் ஏதோ ஒரு முடிவு. எப்படியோ, அந்த முடிவு வீட்டுக்குள்ளேயே எடுக்கப்படும்.

ஒரு காலத்தில் அப்படி இல்லை. பையனிடம் காசு இருந்தாலும், அப்பா சம்மதித்தாலும், கார் வாசலில் தயாராக நின்றாலும் கல்லூரியின் டீன் 'கூடாது' என்றால் கூடாதுதான். 1926ல் இலினாய் பல்கலைக்கழகம் மாணவர்கள் கார் வைத்திருக்கத் தடை போட்டது. 1927ல் பிரின்ஸ்டன். அதே வருடம் மிச்சிகன். மூன்றும் பெயர் தெரியாத கல்லூரிகள் அல்ல. அதிலும் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர், டெட்ராய்ட் நகரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தூரம்தான். உலகத்துக்கே கார் செய்து அனுப்பிக்கொண்டிருந்த ஊருக்குப் பக்கத்தில் படித்தவன் கார் ஓட்டக்கூடாது! பழைய வேடிக்கைச் சட்டங்களில் ஒன்று என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் காரைவிட, 'முடிவு எடுப்பது யார்' என்பதுதான் அங்கே பிரச்சினையாக இருந்தது தெரியும்.

முதலில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1900களின் தொடக்கத்தில் கார் என்பது பணக்காரர்களின் பொம்மை. 1906ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர் உட்ரோ வில்சன். ஆமாம், பிற்பாடு ஜனாதிபதியான அதே வில்சன்தான். நாட்டில் சோஷலிச உணர்வைப் பரப்புவதில் மோட்டார் காரை மிஞ்ச எதுவும் இல்லை என்று அந்த வருடம் ஒரு கூட்டத்தில் பேசினார். கிராமத்துச் சாலையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறக்கும் பணக்காரனைப் பார்த்தால் விவசாயிக்கு வயிறு எரியாதா என்பது அவர் வாதம். (இதே வில்சன் ஜனாதிபதி ஆனதும் பியர்ஸ்-ஆரோ காரில் தினசரி சவாரி போகாமல் இருக்கமாட்டார் என்ற நிலைக்கு வந்தார். 1921ல் பதவியை விட்டு இறங்கும்போது அந்தக் காரையே நண்பர்கள் வாங்கி அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். பேச்சு வேறு, சவாரி வேறு.)

வில்சன் பயந்த மாதிரி கார் பணக்காரர்களிடமே தங்கிவிடவில்லை. 1908ல் ஃபோர்டு மாடல் டி வந்தபோது அதன் விலை 850 டாலர். 1924 வாக்கில் 290 டாலர். 1919ல் ஜெனரல் மோட்டார்ஸ் தனியாக ஒரு கடன் நிறுவனமே தொடங்கி, தவணையில் கார் விற்க ஆரம்பித்தது. 1920ல் அமெரிக்காவில் பதிவான கார்கள் சுமார் 80 லட்சம். 1929ல் 2 கோடியே 30 லட்சம். ஒன்பதே வருடத்தில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு!

புதுக் கார் இத்தனை விற்றால் பழைய கார் என்ன ஆகும்? மலிவாகும். கல்லூரி மாணவன் கதைக்குள் நுழைவது இந்த இடத்தில்தான். ஓட்டை மாடல் டி ஒன்றை நாலு பேர் சேர்ந்து காசு போட்டு வாங்குவது, அதன் தகரம் முழுக்க பெயிண்டால் கிண்டல் வாசகங்கள் எழுதுவது, மட்கார்டில் இரண்டு பேர், பின்னால் நாலு பேர் தொற்றிக்கொண்டு ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போவது, இதெல்லாம் 1920களின் கல்லூரி வாழ்க்கையில் ஒரு அடையாளமாகவே ஆகிவிட்டது. அந்தக் காலத்து நகைச்சுவைப் பத்திரிகைகளில் கரடி மாதிரி ரோமக் கோட்டு போட்டுக்கொண்டு, ஆடிக்கொண்டிருக்கும் காரில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பையன் படம் அடிக்கடி வரும். அந்தக் கார் ஓடுகிறதா என்பது இரண்டாம் பட்சம். இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இதைப் பார்த்து டீன்கள் ஏன் கலங்கினார்கள்? 'ஒழுக்கம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அதற்குள் ஒரு தொழில்நுட்ப விஷயமும் ஒளிந்திருக்கிறது. 1919ல் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் கூரையும் கண்ணாடி ஜன்னலும் உள்ள மூடிய கார். மற்றதெல்லாம் திறந்த வண்டிகள். மழை பெய்தால் நனைய வேண்டியதுதான், தெருவில் போகிறவன் பார்த்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியும். 1927ல் நிலைமை தலைகீழ். பத்தில் எட்டு மூடிய கார். இந்த மாற்றத்துக்குப் பெரிய காரணம் ஹட்சன் கம்பெனி 1922 மாடலாகக் கொண்டுவந்த எஸ்ஸெக்ஸ் கோச் என்ற வண்டி. மூடிய காரை மலிவாகச் செய்து விற்க முடியும் என்று காட்டியது அதுதான். (ஹட்சன் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.)

மூடிய கார் வந்ததும் அது ஒரு வாகனமாக மட்டும் இல்லை, சக்கரம் வைத்த ஒரு அறையாகவும் ஆகிவிட்டது. அதுவரை ஒரு பெண்ணைப் பார்க்கவேண்டும் என்றால் பையன் அவள் வீட்டு ஹாலிலோ ஹாஸ்டல் வரவேற்பறையிலோ நாலு பேர் பார்க்க உட்கார்ந்து பேசவேண்டும். இப்போது இருபது நிமிடத்தில் ஊருக்கு வெளியே போய்விடலாம். இண்டியானா மாநிலத்து மன்சி என்ற ஊரை லிண்ட் தம்பதி 1924-25ல் ஆராய்ந்து, 1929ல் 'மிடில்டவுன்' என்ற புத்தகமாக வெளியிட்டார்கள். ஒரு வருடத்தில் பாலியல் குற்றச்சாட்டில் சிறார் நீதிமன்றத்துக்கு வந்த, சம்பவம் நடந்த இடம் பதிவான 30 பெண்களில் 19 பேர் வழக்கில் அந்த இடம் கார் என்று அதில் ஒரு கணக்கு வருகிறது. பெண்களை மட்டும் கோர்ட்டுக்கு இழுத்து, கூட வந்த பையன்களைப் பற்றி யாரும் கவலைப்படாத காலம் அது என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் படிக்கவேண்டும்.

போதாக்குறைக்கு அது மதுவிலக்குக் காலம். 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுக்க மது விற்பனை சட்டவிரோதம். டெட்ராய்டுக்கு எதிர்க்கரையில் கனடா. ஆற்றைத் தாண்டி சரக்கு வந்துகொண்டே இருந்தது. ஆன் ஆர்பர் பையனுக்குக் கார் இருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் எங்கே போவான் என்று டீனுக்குத் தெரியாதா என்ன?

டீன்களைச் சும்மா கிழவர்கள் என்று கிண்டல் செய்துவிட்டுப் போவதும் சரியாக இருக்காது. அவர்கள் பயத்தில் நியாயமும் இருந்தது. 1927ல் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் செத்தவர்கள் 25 ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலான மாநிலங்களில் வண்டி ஓட்ட டெஸ்ட் எதுவும் கிடையாது. சீட் பெல்ட் கிடையாது. மாடல் டி காரின் முன்பக்கக் கண்ணாடி சாதாரண ஜன்னல் கண்ணாடி, உடைந்தால் கத்தி மாதிரி முகத்தில் பாயும். இதில் ஆறு பேர் ஏறிக்கொண்டு, குடித்துவிட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு, விளக்கில்லாத மண் சாலையில் திரும்பி வந்தால்? மாணவன் செத்த செய்தியை அவன் அப்பாவுக்குத் தந்தியில் அனுப்பும் வேலை டீனுடையது. அதைச் செய்தவர்களுக்குக் கார் ஒரு பொம்மையாகத் தெரிந்திருக்காது.

ஆனால் பயம் இருந்தால் மட்டும் தடை போட்டுவிட முடியுமா? அதற்கு அதிகாரம் வேண்டும். அது அவர்களிடம் தாராளமாக இருந்தது. 1913ல் கென்டகி மாநிலத்தில் ஒரு வழக்கு. பெரியா கல்லூரிக்கு எதிரே காட் என்பவர் ஒரு சாப்பாட்டுக் கடை வாங்கினார். கல்லூரி, தன் கட்டுப்பாட்டில் இல்லாத கடைகளில் மாணவர்கள் சாப்பிடக்கூடாது என்று விதி போட்டு, மீறியவர்களை வெளியே அனுப்பியது. வியாபாரம் படுத்துவிட்டதால் காட் கோர்ட்டுக்குப் போனார். தோற்றார். மாணவர்களின் உடல்நலம், ஒழுக்கம், படிப்பு விஷயத்தில் கல்லூரி பெற்றோரின் இடத்தில் இருக்கிறது, பெற்றோர் போடக்கூடிய எந்தக் கட்டுப்பாட்டையும் கல்லூரியும் போடலாம் என்றது தீர்ப்பு. எதிர்க்கடையில் சாப்பிடுவதையே தடுக்கலாம் என்றால் கார் எம்மாத்திரம்?

இலினாயில் இந்தப் பெற்றோர் வேஷத்தை முழு மனதோடு போட்டவர் தாமஸ் ஆர்க்கிள் கிளார்க். 1909லிருந்தே ஆண் மாணவர்களுக்கான டீன். அமெரிக்காவில் அந்தப் பதவிப் பெயரை முதலில் பெற்றவர் அவர்தான் என்பார்கள். மாணவர்கள் எங்கே போகிறார்கள், யாரோடு போகிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்வதே தன் வேலை என்று நினைத்தவர். அப்படிப்பட்டவருக்குக் கார் எவ்வளவு எரிச்சலைக் கொடுத்திருக்கும்! நடந்து போகிறவனைக் கண்காணிக்கலாம். ரயிலில் போகிறவனுக்கு டைம்டேபிள் இருக்கிறது. காரில் போகிறவனை என்ன செய்வது?

பிரின்ஸ்டன் கதை இதைவிடச் சோகமானது. அங்கே 1912லிருந்து தலைவர் ஜான் கிரியர் ஹிப்பன். ஒரு காலத்தில் வில்சனின் நெருங்கிய நண்பர், பிறகு கல்லூரி அரசியலில் பிரிந்தவர். பிரின்ஸ்டனில் படித்த ஸ்காட் ஃபிட்ஜெரால்ட் 1920ல் எழுதிய முதல் நாவல் அந்தக் கல்லூரியைப் பற்றியது. அதில் நியூயார்க் போய்விட்டுக் காரில் திரும்பும் மாணவர்களில் ஒருவன் விபத்தில் சாகிறான். கூட்டத்திலேயே எல்லோரும் அண்ணாந்து பார்த்த பையன் அவன். நாவலைப் படித்துவிட்டு ஹிப்பன் ஃபிட்ஜெரால்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். திட்டவில்லை. நம் பையன்கள் நாலு வருடத்தை ஏதோ கேளிக்கை கிளப்பில் கழிப்பதுபோல நினைக்கவே தாங்கவில்லை என்று வருத்தப்பட்டு எழுதினார்.

ஏழு வருடம் கழித்து, 1927ல், பிரின்ஸ்டன் மாணவர்கள் கார் ஓட்டத் தடை வந்தது. பிரின்ஸ்டன் சின்ன ஊர். நியூயார்க் ஒரு பக்கம், ஃபிலடெல்ஃபியா மறு பக்கம், இரண்டுமே கார் இருந்தால் ஒரு சாயங்காலத்தில் போய் வரும் தூரம். தடை வந்ததும் மாணவர்களின் சீனியர் கவுன்சில் மொத்தமாக ராஜினாமா செய்தது. கவனிக்கவேண்டிய விஷயம் இது. அந்தக் கவுன்சிலில் இருந்த எல்லோருமே கார் வைத்திருந்தவர்கள் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. மாணவர்கள் தங்களைத் தாங்களே நிர்வகித்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று சொல்லித்தான் அந்த அமைப்பையே வைத்திருந்தார்கள். அப்படிச் சொல்லிவிட்டு, மாணவர்களின் அன்றாட வாழ்க்கையைத் தொடும் பெரிய முடிவு ஒன்றை மேலே இருந்து போட்டால் பிறகு கவுன்சில் எதற்கு? ராஜினாமாவால் தடை போகவில்லை. கார்களும் திரும்பி வரவில்லை. பிரின்ஸ்டன் ஜங்ஷன் வரை போகும் குட்டி ரயிலே கதி.

ஹிப்பன் 1932ல் ஓய்வு பெற்றார். 1933 மே மாதம் அவரும் மனைவியும் நியூஜெர்சியில் ஒரு சாலையில் போய்க்கொண்டிருந்தபோது அவர்கள் கார் ஒரு லாரியோடு மோதியது. ஹிப்பன் அன்றைக்கே இறந்துபோனார். சில வாரத்தில் மனைவியும்.

இனி மிச்சிகன். அங்கே தலைவர் கிளாரன்ஸ் குக் லிட்டில். 1925ல் பதவிக்கு வந்தபோது நாற்பது வயதுகூட ஆகவில்லை. எலிகளை வைத்து மரபியல் ஆராய்ச்சி செய்த விஞ்ஞானி. பழைய பஞ்சாங்கம் என்று அவரைச் சொல்லவே முடியாது. குடும்பக் கட்டுப்பாட்டை அந்தக் காலத்திலேயே மேடை போட்டு ஆதரித்தவர், அதற்காகவே பலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். (முற்போக்கு என்றும் முழுசாகச் சொல்லிவிட முடியாது. 'தகுதியானவர்கள்' மட்டும் பிள்ளை பெறவேண்டும் என்ற யூஜெனிக்ஸ் இயக்கத்திலும் அவர் பெரிய தலை.) கல்லூரி என்றால் படிக்கிற இடம், படிப்பைக் கெடுக்கும் எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது அவர் கட்சி. குடி ஒன்று, கார் இரண்டு.

பல்கலைக்கழகத்தின் ரீஜண்ட்ஸ் குழு (நம் ஊர் சிண்டிகேட் மாதிரி) 1927ல் தடையை நிறைவேற்றியது. அந்த வருடம் வகுப்புகள் திறந்தபோது மாணவர்களின் கார்கள் வீட்டிலேயே நின்றுவிட்டன. இதில் ஒரு கூத்து என்னவென்றால், அதே 1927 மே மாதம்தான் ஃபோர்டு மாடல் டி உற்பத்தியை நிறுத்தினார். மொத்தம் ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்த பிறகு! டிசம்பரில் புது மாடல் ஏ வெளிவந்தது. அதைப் பார்க்க நாடு முழுக்க ஷோரூம் வாசல்களில் கூட்டம் அலைமோதியது, போலீஸ் வந்து ஒழுங்குபடுத்தவேண்டிய நிலை. அந்த வண்டி உருவான இடத்திலிருந்து ஒரு மணி நேரச் சொச்சத்தில் இருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மட்டும் அதைப் பார்க்கலாம், தொடலாம், ஓட்டக்கூடாது.

தடையால் உண்மையில் கஷ்டப்பட்டது யார் என்று பார்த்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். பணக்கார வீட்டுப் பையனுக்கு டாக்சி இருக்கிறது, ரயிலில் முதல் வகுப்பு இருக்கிறது, வார இறுதியில் அப்பாவின் டிரைவர் வந்து அழைத்துப் போவார். பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் வந்து படிக்கிறவன், சாயங்காலம் வேறு ஊரில் வேலைக்குப் போகிறவன், கல்யாணமாகிக் குடும்பத்தோடு இருக்கிறவன், இவர்களுக்குத்தான் அந்த ஓட்டை ஃபோர்டு தேவை. இவர்களுக்குத் தனி அனுமதி உண்டு. ஆனால் அனுமதி வாங்க டீன் ஆபீசுக்குப் போய், வீட்டு நிலவரம் எல்லாவற்றையும் சொல்லி, தேவையை நிரூபிக்கவேண்டும். ஆசைக்குக் கார் வைத்திருந்தவன் அதை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் போதும், யாரிடமும் எதையும் விளக்கவேண்டியதில்லை. தேவைக்கு வைத்திருந்தவன்தான் கை கட்டி நிற்கவேண்டும். பேராசிரியர்களின் காரை யாரும் தொடவில்லை என்பதைச் சொல்லவேண்டுமா என்ன?

லிட்டில் அதிக நாள் நீடிக்கவில்லை. பேராசிரியர்களோடும் ரீஜண்ட்ஸோடும் உரசல், குடும்பக் கட்டுப்பாட்டுப் பேச்சால் வந்த எதிர்ப்பு, காரையும் குடியையும் வைத்து மாணவர்களிடம் சம்பாதித்த வெறுப்பு, சொந்த வாழ்க்கையில் விவாகரத்து எல்லாம் சேர்ந்து 1929ல் விலகினார். மெய்ன் மாநிலத்து பார் ஹார்பரில் ஒரு ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார். பணம் யார் கொடுத்தது? ஹென்றி ஃபோர்டின் மகன் எட்ஸல் ஃபோர்டு. அடுத்தது ஹட்சன் மோட்டார் கம்பெனியின் தலைவர் ராஸ்கோ ஜாக்சன். மலிவான மூடிய காரை ஊரெல்லாம் விற்ற அதே ஹட்சன்! ஜாக்சன் 1929ல் இறந்துவிட, அவர் நினைவாகவே கூடத்துக்குப் பெயர் வைத்தார்கள். எலி மரபியலில் இன்றைக்கும் உலகப் புகழ் பெற்ற ஜாக்சன் ஆய்வகம் அதுதான். மாணவர்களின் கெடுதலுக்குக் கார் காரணம் என்றவர், கார் விற்ற பணத்தில் விஞ்ஞானம் வளர்த்தார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1954ல் சிகரெட் கம்பெனிகள் சேர்ந்து அமைத்த ஆராய்ச்சிக் குழுவுக்கு விஞ்ஞான இயக்குநராகப் போனார். புற்றுநோய்க்கும் புகைக்கும் நேரடித் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்தார். இருபது வயதுப் பையனுக்கு எது ஆபத்து என்று கணிப்பதில் இவரை எவ்வளவு நம்பியிருக்கலாம் என்பதை அவரவர் முடிவுக்கு விட்டுவிடலாம்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் என்ன செய்தார்கள்? அங்கே ஒரேயடியாகத் தடை போடவில்லை, லைசென்ஸ் போட்டார்கள். கேம்பிரிட்ஜில் மாணவர்களின் கார்களைக் கவனிக்கவே 'மோட்டார் ப்ராக்டர்' என்று ஒரு அதிகாரி. ஆக்ஸ்ஃபோர்டில் மாணவன் ஓட்டும் கார் என்று தூரத்திலேயே தெரிய முன்னால் பச்சை விளக்கு. வில்லியம் மோரிஸ் அதே ஆக்ஸ்ஃபோர்டில் சைக்கிள் கடை வைத்து ஆரம்பித்து, பிறகு அங்கேயே கார் தொழிற்சாலை கட்டியவர் என்பதால் டெட்ராய்ட் கூத்து அங்கேயும் கொஞ்சம் உண்டு. 1958 ஜூனில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் சிலர் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு ஆஸ்டின் செவன் காரை செனட் ஹவுஸ் கட்டிடத்தின் கூரை மேல் ஏற்றி வைத்துவிட்டார்கள். காலையில் ஊரே வேடிக்கை பார்த்தது. இறக்கத் தெரியாமல் திணறி, கடைசியில் துண்டு துண்டாக வெட்டித்தான் கீழே கொண்டுவந்தார்கள். பொறியியல் படிப்பு வீண் போகவில்லை!

அமெரிக்கத் தடைகளை ஆட்டம் காண வைத்தது மாணவர் போராட்டம் இல்லை, இரண்டாம் உலகப் போர். 1944ல் வந்த ஜி.ஐ. பில் சட்டத்தால் போரிலிருந்து திரும்பியவர்கள் அரசாங்கச் செலவில் படிக்கலாம் என்று ஆனது. சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிகளில் சேர்ந்தார்கள். 1947ல் கல்லூரி மாணவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் முன்னாள் ராணுவத்தினர். டாங்கி ஓட்டியவனை, விமானத்திலிருந்து குண்டு போட்டவனை, மனைவியும் கைக்குழந்தையுமாக வந்து நிற்பவனைப் பார்த்து 'தம்பி, நீ கார் ஓட்டினால் கெட்டுப்போவாய்' என்று எந்த டீன் சொல்வார்? மிச்சிகனில் தடை 1950களின் நடுவில்தான் தளர்ந்தது, அதுவும் வயது முதிர்ந்த மாணவர்களுக்கு முதலில். பிறகு படிப்படியாக மற்றவர்களுக்கு.

அந்தத் தடைக்கு அஸ்திவாரமாக இருந்த 'கல்லூரிதான் பெற்றோர்' என்ற கொள்கைக்கு அடி விழுந்தது 1961ல். காருக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தமே இல்லை. அலபாமா மாநிலத்தில் கறுப்பின மாணவர்கள் படித்த அரசுக் கல்லூரி ஒன்றின் மாணவர்கள், 1960ல் மாண்ட்கோமரி கோர்ட் கட்டிடத்தில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தார்கள். விசாரணை எதுவும் இல்லாமல் சிலரைக் கல்லூரி நீக்கியது. டிக்சன் என்ற மாணவர் பெயரில் வழக்கு நடந்தது. அரசுக் கல்லூரி ஒரு மாணவனை நீக்குமுன் குற்றச்சாட்டைச் சொல்லி, அவன் பக்கத்தையும் கேட்டாகவேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1913ல் ஒரு சாப்பாட்டுக் கடையை வைத்து ஊன்றிய அதிகாரம் 1961ல் இன்னொரு சாப்பாட்டுக் கடையால் ஆட்டம் கண்டது. பத்து வருடம் கழித்து, 1971ல், ஓட்டுப் போடும் வயதும் 18 ஆனது.

அப்படியென்றால் கல்லூரிகள் காரைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டனவா? இல்லை, கவலையின் ரகம் மாறியது. கார்கள் உள்ளே வந்ததும் நிறுத்த இடம் இல்லை. பெர்க்லியில் தலைமைப் பொறுப்பில் இருந்து, பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கே தலைவரான கிளார்க் கெர், தன் வேலையின் மூன்று பெரிய தலைவலிகளில் ஒன்று பேராசிரியர்களுக்குப் பார்க்கிங் ஏற்பாடு செய்வது என்று ஜோக் அடித்தார். இந்த ஜோக் எவ்வளவு நிஜம் என்பதற்கு பெர்க்லியே சாட்சி. அங்கே நோபல் பரிசு வாங்கும் பேராசிரியருக்குப் பல்கலைக்கழகம் கொடுக்கும் மரியாதை, வளாகத்துக்குள் அவருக்கென ஒதுக்கிய ஒரு பார்க்கிங் இடம். நோபல் இல்லாத மாணவன் காசு கொடுத்து பெர்மிட் வாங்கவேண்டும், அதற்குப் பிறகும் இடம் தேடிச் சுற்றவேண்டும். ஒழுக்க விதியாக இருந்தது ரசீதாக மாறிவிட்டது. பணம் இருக்கிறவனுக்கு இதிலும் பிரச்சினை இல்லை என்பது மட்டும் மாறவில்லை.

அதே கலிஃபோர்னியாவில் டேவிஸ் என்ற ஊரில் இன்னொரு கிளை இருக்கிறது. அதன் தலைவராக 1959லிருந்து 1969 வரை இருந்தவர் எமில் ம்ராக். வளாகம் பெரிதாகப் போகிறது என்று தெரிந்ததும், சைக்கிளில் சுற்றும் மாணவர்களை மனதில் வைத்துத் திட்டம் போடுங்கள் என்று கட்டிடக் கலைஞர்களிடம் சொன்னார். புதிதாகச் சேரும் மாணவர்களிடமும் சைக்கிள் கொண்டு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். கார் கொண்டு வராதே என்று மிரட்டவில்லை. 1967ல் டேவிஸ் நகரம் சாலையில் சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டது, அமெரிக்காவிலேயே முதல் தடவையாக. அடுத்த வருடம் மாணவர் சங்கம் லண்டனிலிருந்து இரண்டு பழைய டபுள் டெக்கர் பஸ்களை வாங்கி ஓட விட்டது. யூனிட்ரான்ஸ் என்ற அந்த பஸ் சேவை இன்றைக்கும் நடக்கிறது, மாணவர்களை மட்டும் அல்ல, ஊர் மக்களையும் ஏற்றிக்கொண்டு. அந்த பஸ்களை ஓட்டுவது பெரும்பாலும் அங்கே படிக்கும் இருபது, இருபத்தொரு வயது மாணவர்கள்தான்.